உப்புக்கும் ஒரு கணக்கு உண்டு

நேயர்களே, ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்புத் தேய்த்தால் நுரை எழாமல் வெண்மையான திப்பிகள் மிதப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு போன்ற படலம் படிவதையும் கண்டிருப்பீர்கள். நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமுமே இவற்றுக்குக் காரணம். இத்தகைய நீரைக் கடினநீர் என்கிறோம். இதனை மென்மையாக்குவதற்காக இந்நாளில் பல வீடுகளில் 'வாட்டர் சாஃப்ட்னர்' என்னும் கருவியைப் பொருத்துகின்றனர். அக்கருவி எத்தனை நாளைக்கு ஒருமுறை தன்னைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்களே வரையறுத்து வைத்தல் வேண்டும். சிறிய செய்திதான், ஆயினும் அதில் விஞ்ஞானமும் உண்டு, பொறுப்பும் உண்டு.

கருவியின் உள்ளே நிறைந்திருப்பவை ரெசின் எனப்படும் செயற்கைப் பிசின் மணிகள். அவை சோடிய அயனிகளைப் பற்றிக்கொண்டிருக்கும். கடினநீர் அவற்றின் ஊடே செல்லும்போது, ஒரு கால்சிய அயனியை வாங்கிக்கொண்டு இரண்டு சோடிய அயனிகளை நீருக்குக் கொடுத்துவிடுகின்றன. இது ஒரு பண்டமாற்றே அன்றோ? மண்ணில் நிகழும் இத்தகைய மாற்றத்தைப் பற்றி 1850-இல் எழுதியவர்கள் தாம்சன், வே என்னும் இரு ஆங்கிலேயர். செயற்கைப் பிசினைக் கொண்டும் இதனைச் செய்யலாம் என 1935-இல் ஆடம்ஸும் ஹோம்ஸும் காட்டினர்.

கொடுப்பதற்குச் சோடியம் தீர்ந்துபோனால் கருவி வெறும் குழாய் போலாகிவிடும். அப்பொழுது முதலில் நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி மணிகளைக் கலைத்து அழுக்கை நீக்குவர். பிறகு செறிந்த உப்புநீரை மெல்லச் செலுத்துவர். திரண்டு வரும் சோடியம் கால்சியத்தை வெளியேற்றி, இழந்த இடத்தைத் திரும்பப் பெறும். இறுதியில் நல்ல நீரால் அலசுவர். தானியங்கிக் கருவி இவை யாவற்றையும் தானே செய்துகொள்ளும். இவ்வேலை நடக்கும்போது மென்னீர் கிடைக்காது. ஆதலால் எல்லோரும் உறங்கும் பின்னிரவு இரண்டு மணியைப் பொதுவாகக் குறித்து வைப்பர்.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை? என் வீட்டுக் கணக்கையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். எங்கள் கிணற்று நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ளது. 2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரம் 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை அனுமதிக்கிறது. நாங்கள் நால்வர், ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 540 லிட்டர் செலவாகும். இரண்டையும் பெருக்கினால் கருவி நாள்தோறும் 216 கிராம் சுமையைத் தாங்க வேண்டும் என்பது விளங்கும். கருவியில் 25 லிட்டர் பிசின் உள்ளது. ஒவ்வொரு முறையும் 2.4 கிலோ உப்பிட்டால் அது ஏறத்தாழ 1,150 கிராம் சுமையை ஏற்கும். வகுத்தால் ஐந்து நாளும் சிறிது மிச்சமும் வருகிறது. விருந்தினர் வரவை எண்ணி ஒரு நாளைக் கையிருப்பாக ஒதுக்கி, நான்கு நாளுக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறேன்.

"உப்பை நிறைய இட்டு, நாளைக் கூட்டிக்கொள்ளலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். 6 கிலோ இட்டால் சுமக்கும் திறன் 1,700 கிராம் அளவுக்குத்தான் உயரும். உப்பு இரண்டரை மடங்கு. பயனோ ஒன்றரை மடங்கே! இரசாயனக் கணக்கின்படி அவ்வளவு சுமையை வெளியேற்ற இரண்டு கிலோ உப்பே போதும். எஞ்சிய நான்கு கிலோ வேலையின்றியே சாக்கடைக்குப் போகிறது. ஆறு நாளுக்கு ஒருமுறை அவ்வாறு செய்தால் மாதத்திற்கு 30 கிலோ உப்பு வேண்டும். என் முறையில் 18 கிலோ போதும். கழுவும் எண்ணிக்கை கூடுவதால் நீர் சற்று அதிகம் செலவாகும் என்பது உண்மையே. இரண்டையும் சீர்தூக்கித்தான் முடிவு செய்தல் வேண்டும்.

நாளை மட்டும் எண்ணும் கருவி, வீட்டார் ஊருக்குப் போயிருந்தாலும் குறித்த நாளில் கழுவிக்கொண்டேயிருக்கும். ஓடிய நீரை அளக்கும் மீட்டர் உடைய கருவியோ, தேவையானபோதே கழுவும். மின்சாரம் நின்றால் சில கருவிகளின் கடிகாரம் பிந்திவிடும். அதனை அவ்வப்போது சரிபார்த்தல் நலம்.

இனிப் பொறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாக்கடைக்குச் சென்ற உப்பு மறைந்துவிடுவதில்லை. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அதனை நீக்காது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாண்டா கிளரிட்டா பள்ளத்தாக்கில், வீடுகளின் உப்பு ஆற்றில் கலந்து, கீழ்ப்புறத்து ஸ்ட்ராபெரி, அவகாடோத் தோட்டங்களுக்கு ஊறு நேரும் என்ற கவலை எழுந்தது. 2003-இல் புதிய தானியங்கிக் கருவிகளைத் தடுத்தனர். 2008-இல் மக்களே வாக்களித்து, முன்னரே பொருத்தியவற்றையும் அகற்ற ஒப்பினர். நம் ஊரிலோ பல வீடுகளின் கழிவுநீர் பக்கத்து உறிஞ்சுகுழியில் இறங்குகிறது. அக்குழியின் அருகிலேயே அயலாரின் கிணறு இருக்கக்கூடும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் இக்கருவி இருந்தால், சோதனைத் துளிகளைக் கொண்டு நீரின் கடினத்தை அளந்து, இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கருவியை வாங்கிய நாளில் யாரோ திருகி வைத்த எண்ணே இன்னமும் அதில் இருக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் அதனைத் திருத்திவிடலாம். மிஞ்சும் உப்பு உங்கள் பணத்தைக் காக்கும். மண்ணில் இறங்காத உப்பு அயலாரின் கிணற்றைக் காக்கும்.