பந்தயம் முடிந்த குதிரைக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தல்

குதிரை என்றதும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பந்தயச் சீட்டு. இன்றைய உரை சீட்டைப் பற்றியதன்று. சீட்டைக் கிழித்துப் போட்ட பிறகும் லாயத்தில் நின்று தீவனம் கேட்கிற பிராணியைப் பற்றியது.

1843ஆம் ஆண்டு ஃபேரர் பார்க் வட்டாரத்தில் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம், 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறி, 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. வேலை போன மனிதர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். குதிரை என்ன செய்யும்? பந்தயக் குதிரை இரண்டு, மூன்று வயதில் ஓடத் தொடங்கி, பெரும்பாலும் எட்டு வயதுக்குள் ஓய்ந்துவிடுகிறது. நல்ல பராமரிப்பு கிடைத்தால் இருபத்தைந்து வயது வரையிலும் வாழும். ஓடிய காலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான காலம் பாக்கி இருக்கிறது. சாதாரண மனிதர் ஒருவர் பயமின்றி அருகே போய், ஏறி, இறங்க முடிகிற குதிரைக்கே அந்தக் காலத்தில் ஓர் இடம் கிடைக்கும். மற்றதை வைத்துத் தீவனம் போட எவரும் நெடுநாள் முன்வர மாட்டார்கள்.

பந்தய லாயத்துக் குதிரை முரடு என்ற பேச்சு பரவலாக உண்டு. பல நேரங்களில் அது முரடே அல்ல. வேறு பள்ளிக்கூடத்தில் படித்த குதிரை, அவ்வளவுதான். ஜாக்கி அங்கவடியைக் குட்டையாகக் கட்டி, குதிரையின் முதுகுக்கு மேலே குந்தியபடி ஓட்டுகிறார். அவருடைய கால் விலாவை அணைப்பதே அரிது. புதியவர் ஒருவர் அங்கவடியை நீளமாக விட்டு, உட்கார்ந்து, இரண்டு கால்களாலும் விலாவை இறுக்கினால் அது திடுக்கிடாமல் என்ன செய்யும்? பந்தயத்தில் கடிவாள வார் இறுகும்போது அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடியே அதற்குப் பழக்கம். பயந்துபோனவர் நிறுத்துவதற்காக இழுக்க இழுக்க, 'இன்னும் ஓடு' என்று சொல்வதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். அப்போதும் குதிரை பல சமயம் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே, ஆள் ஏறும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்பது அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

அந்தப் பாடத்தை முதல் நாளே தொடங்குவது தவறு. முதலில் சில வாரங்கள், தேவைப்பட்டால் சில மாதங்கள், சேணமே போடாமல் மற்றக் குதிரைகளோடு வெளியில் மேய விட வேண்டும். பந்தயத் தீவனத்தில் தானியம் அதிகம். அதைக் குறைத்துப் புல்லும் உலர்புல்லும் கூட்ட வேண்டும். இதை ஒரே நாளில் செய்துவிடக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனம் திடீரென்று மாறினால் வரும் வயிற்றுவலி உயிரையே கொண்டுபோய்விடும். ஒரு வாரம், பத்து நாள் என்று சிறிது சிறிதாக மாற்றுவதே சரி.

குதிரையை அணுகும் முறையும் இங்கே முக்கியம். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குப் பார்வை உண்டு. நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரமும் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து ஓசையின்றி வருகிறவர் உதை வாங்குவதும், முகத்துக்கு நேரே கையை நீட்டுகிறவர் கடி வாங்குவதும் இதனால்தான். குரல் கொடுத்துக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாகச் செல்ல வேண்டும். இடப்பக்கம் செல்வது பழைய வழக்கம். போர்வீரர் வாளை இடுப்பின் இடப்புறம் தொங்கவிட்ட காலத்தில் வந்தது என்பார்கள். முதலில் தொட வேண்டியது கழுத்து அல்லது தோள். காதுகள் முன்னோக்கி இருந்தால் கவனிக்கிறது. பின்னுக்கு ஒட்டிப் படுத்துவிட்டால் கோபம், உடனே விலகிவிட வேண்டும். தீனி கொடுக்கும்போது விரல்களை மடக்காமல் உள்ளங்கையை விரித்துக் கொடுக்க வேண்டும். சர்க்கரைக் கட்டியும் காரட்டும் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள், குதிரைக்குப் பையைக் கடிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நடத்திச் செல்லும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலை அறுத்துவிடும், இல்லாவிட்டால் ஆளையே இழுத்துச் செல்லும். மிச்சக் கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும். மலாயாவில் 'சைஸ்' என்று அழைக்கப்பட்ட குதிரைப் பராமரிப்பாளர்களுக்கு இதெல்லாம் கைவந்த பாடம். அந்த வேலையில் தமிழர்களும் இருந்திருக்கிறார்கள். வெற்றிக் கோப்பையோடு எடுத்த படங்களில் அவர்களைத் தேடிப் பார்த்தால் ஓரத்தில் நிற்பார்கள்.

இனிப் பயிற்சி. குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் விலகும் நொடியில். கயிற்றைப் பின்னுக்கு மெல்ல அழுத்தினால் குதிரை தடுமாறி யோசிக்கும். ஒரே ஓர் அடி பின்வைத்ததும் அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் 'சபாஷ்'. மூன்று விநாடி கழித்துத் தளர்த்தினால், அப்போது அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே சரியென்று நினைத்துக்கொள்ளும். தலையை உதறியபோது தளர்த்தினால் உதறக் கற்றுக்கொள்ளும். குதிரை கெட்டுப்போனது என்று சொல்லப்படும் பல இடங்களில் உண்மையில் கெட்டது இந்தக் கணக்குதான்.

ஏறுமிடத்தில் நிற்கப் பழக்குவதும் இப்படியே. மேடையருகே நிறுத்தி, நின்றால் கயிற்றைத் தளர்த்தி, நகர்ந்தால் சத்தம் போடாமல் ஒரு சிறு வட்டம் நடத்தி மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருபது முறை ஆனாலும் இருபதாவது முறையும் முதல் முறை போலவே பொறுமையாக இருக்க வேண்டும். சினத்தோடு குதிரையை நெருங்காதே என்பது கிரேக்க நாட்டு செனஃபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த அறிவுரை. கோபம் வந்த அன்று லாயத்தைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது.

சவாரி செய்கிறவர் தலைக்கவசமும் குதிகால் உயர்ந்த காலணியும் அணியாமல் ஏறக் கூடாது. தட்டையான காலணி அங்கவடிக்குள் நழுவிப் பாதம் மாட்டிக்கொண்டால், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். சேணப் பட்டையை ஏறுமுன் ஒரு முறையும் சில நிமிடம் நடந்தபின் மறுமுறையும் சரிபார்க்க வேண்டும். பட்டை கட்டும்போது வயிற்றை இறுக்கிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. உட்கார்ந்த பின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். பார்வை குதிரையின் பிடரியில் அல்ல, போகவேண்டிய இடத்தில். ஓட்டம் கைமீறினால் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்காமல், இடமிருந்தால் ஒரு வாரை மட்டும் விட்டுவிட்டு இழுத்து, பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தை மெல்லச் சுருக்க வேண்டும். வேகத்தில் சட்டென்று திருப்பினால் குதிரையே சாய்ந்து விழக்கூடும்.

இந்த நாடுகளின் வெயிலும் புழுக்கமும் குதிரைக்குக் கொடுமை. சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். உடல் உலர்ந்திருக்க மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றிக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும். சூடான குதிரைக்குக் குளிர்நீர் ஆகாது என்ற பழைய நம்பிக்கை, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளில் தவறென்று தெரிந்தது. இங்கே சவாரிக்குக் காலை ஏழு மணியே ஏற்றது; மதியச் சவாரி வேண்டாம்.

இறங்கியதும் பட்டையைத் தளர்த்தி, பத்து நிமிடம் நடத்தி, தண்ணீர் காட்டி, நான்கு குளம்புகளையும் தூக்கிக் கல்லோ சேறோ இருந்தால் குதிகால் பக்கமிருந்து முன்பக்கமாகக் கிளறி எடுக்க வேண்டும். பிறகு சேணம் இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கட்டும். அங்கே வீக்கம் தட்டுப்பட்டாலோ, தொடும்போது குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ மறுநாள் சவாரி கிடையாது.