யாருடைய இருபது நாள்?

(மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் வழக்கமாக என்னைக் கூப்பிடுவார்கள். இன்றைக்குச் சட்டத்தில் ஒரேயொரு பிரிவைப் பற்றிப் பேசுகிறேன். சேரிக்குள் புகுந்து அடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் நாம்தான். அதனால் இது நமக்குத் தெரிந்திருக்கணும்.

அடிபட்ட உடம்பைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது: சாதாரணக் காயம், கொடுங்காயம். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு கொடுங்காயத்தை எட்டு வகையாகச் சொன்னது. ஆண்மை நீக்கம், ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் சக்தியோ நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ இழப்பது, அதன் சக்தி நிரந்தரமாகக் கெடுவது, தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது பிசகுவது. எட்டாவது, உயிருக்கு ஆபத்தான காயம். அல்லது இருபது நாள் கடும் வலியில் கிடத்தும், இல்லை அன்றாட வேலை செய்ய முடியாமல் ஆக்கும் காயம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 116ஆம் பிரிவு. இருபது நாள் பதினைந்தாகியிருக்கிறது.

பிரிப்பதால் என்ன? ஆயுதமில்லாத அடியில், சாதாரணக் காயத்துக்கு அதிகபட்சம் ஓராண்டு, கொடுங்காயத்துக்கு ஏழாண்டு. 'சாதாரணக் காயம்தானே, சமாதானமாப் போங்க' என்று ஸ்டேஷனில் சொல்வது இதை வைத்துத்தான்.

எட்டாவது வகையைப் பாருங்கள். நான் பேங்க் கிளார்க். என்னை ஒருவன் விலாவில் மிதித்தால் மெடிக்கல் லீவு போட்டுப் படுத்திருப்பேன். சம்பளம் வரும். லீவு லெட்டரே எனக்குச் சாட்சி. அதே மிதி களையெடுக்கப் போகிற என் சித்திக்கு விழுந்தால்? நாலாம் நாள் இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கிட்டு வயலில் இறங்குவார். 'அதான் வேலைக்குப் போயிருச்சே' என்பார்கள். வலி ஒன்றுதான். படுத்துக்கிடக்க வசதி உள்ளவன் உடம்பை வைத்து நாளை எண்ணுகிறார்கள்.

ஆனால் சட்டத்தில் 'அல்லது' என்று ஒரு சொல் இருக்கிறது. பசிக்காக வேலைக்குப் போனாலும், பதினைந்து நாள் கடும் வலி இருந்தால் அது கொடுங்காயம்தான். அந்த வலி காகிதத்தில் ஏறணும். திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டில் எழுத வைக்கணும்.

இந்த எட்டுக்குள் அடங்காத காயமும் உண்டு. ஒரு பல் உடைந்தால் கொடுங்காயம். 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் தலித்துகளை மலம் தின்ன வைத்தார்களே, அதற்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் அதைத் தனிக் குற்றமாக எழுதியது. 2016 முதல் சாதாரணக் காயமும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே புகாரில் சாதியை எழுதாமல் விடாதீர்கள்.

டாக்டர் கேட்டால், பயந்துபோய் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லக் கூடாது. எத்தனை பேர், எதால் அடித்தார்கள் என்று சொல்லணும். விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். கோர்ட்டில் அதை வைத்துத்தான் குறுக்கு விசாரணை. கறுத்த தோலில் கன்றிய காயம் சட்டென்று தெரியாது. தொட்டுக் காட்டி எழுத வையுங்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத மணிக்கட்டு முறிவு பத்து, பதினைந்து நாள் கழித்து எடுத்தால் தெரியலாம். டாக்டர் எழுதுவது கருத்துதான், தீர்மானிப்பது நீதிமன்றம்.

அடிபட்டவரோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகணும். மாணவத் தோழர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.