சூத்திரத்திற்கு முன் ஒரு வினா



வெள்ளி விழா மேடையில் கணக்குப் பாடமா என்று வியக்க வேண்டா. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, கரும்பலகையில் கணக்கொன்றைச் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரை அழைத்தார். பலகைக்குப் பின்னால் உணவுப் பாத்திரங்களை வைத்திருந்த சாதி இந்து மாணவர்கள், தீட்டுப்பட்டுவிடும் என்று கூச்சலிட்டு அவற்றை அப்புறப்படுத்தினர். அந்தக் கரும்பலகையின் முன் இன்று நம் பிள்ளைகள் நிற்கின்றனர். அங்கே அவர்கள் இடறும் ஓரிடத்தைச் சுட்டுவதே நம் நோக்கம்.

(க − 1)ய² + 2ய + 1 = 0

இச்சமன்பாட்டில் 'ய' நாம் காண வேண்டிய மதிப்பு. 'க' இன்ன எண் என்று சொல்லாது விடப்பட்ட எண். அதனைத் துணையலகு என்பர். 'க' எந்த மதிப்பைப் பெறும்போது எத்தனை மெய்யெண் மூலங்கள் உண்டு என்பதே வினா.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் உடனே தன்மைகாட்டியைக் கணிப்பார்: 2² − 4(க − 1) = 8 − 4க. 'க' 2-ஐ விடக் குறைந்தால் இரண்டு மூலங்கள். 2 ஆயின் −1 என்னும் ஒரே மூலம். 2-ஐ விட மிகுந்தால் மெய்யெண் மூலம் இல்லை. இவ்வளவும் எழுதி விடைத்தாளைக் கொடுத்துவிடுவார்; மதிப்பெண்ணையும் இழப்பார்.

ஏன்? 'க' 1 ஆனால் முதல் உறுப்பே மறைந்துவிடுகிறது. எஞ்சுவது 2ய + 1 = 0; மூலம் −1/2 ஒன்றே. 1 என்பது 2-ஐ விடக் குறைந்த எண்தான். ஆயினும் இரண்டு மூலங்கள் இல்லை. சூத்திரத்தின் பகுதி 2(க − 1) அன்றோ? அது பூச்சியமாகிறது. பூச்சியத்தால் வகுத்தல் கூடாது. ஆகவே அங்கே சூத்திரம் செல்லாது.

எனவே, ய²-இன் கெழு பூச்சியமாகுமா என்று முதலில் வினவுக. ஆகுமிடத்தைத் தனியே தீர்த்துவிட்டு, அதன் பின்னரே தன்மைகாட்டியிடம் செல்க. அப்போது, 'க' 2-ஐ விடக் குறைந்தும் 1 ஆகாமலும் இருந்தால் மட்டுமே இரண்டு மூலங்கள் என்னும் முழு விடை கிட்டும்.

இப்பிழை அறிவுக் குறையால் நேர்வதன்று. ஏன் என்று கேட்க இடந்தராது, ஒப்புவிக்க மட்டுமே பழக்கியதால் நேர்வது. நம் வீடுகள் பலவற்றில் அவ்வினாவுக்கு விடை கூறக் கற்றவர் இல்லை. ஆதலால், கல்லூரி கண்ட இளைஞர்களே, வாரத்தில் ஒரு மாலையேனும் நம் தெருப் பிள்ளைகளுடன் அமருங்கள். சூத்திரத்தைச் சொல்லிக் கொடுக்குமுன், அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அவர்களைக் கேட்கச் செய்யுங்கள். கேட்ட பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.