ஒரே சாவி, பல கதவுகள்

(திருவொற்றியூரில் நடந்த இணையச் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடிஞ்சு நேரா இங்க வந்திருக்கிற அண்ணன்களுக்கும், பிள்ளைகளோட வந்திருக்கிற அக்காக்களுக்கும் தனி நன்றி.

உங்களுக்கு எத்தனை பாஸ்வேர்டு இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கரண்ட் பில், ரயில் டிக்கெட், பி.எஃப்., பையனோட ஸ்காலர்ஷிப்... எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க முடியாது. அதனால் நம்மில் பலர் எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிடுகிறோம். ஒரு தளத்தில் அது கசிந்தால், மற்ற எல்லாக் கதவும் திறந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு வந்த தீர்வுதான் 'கூகுள் மூலம் உள்நுழைக', 'டிஜிலாக்கர் மூலம் உள்நுழைக' என்ற பொத்தான்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? எண்ணூரிலோ மணலியிலோ ஒரு ஆலைக்கு முதல் நாள் வேலைக்குப் போறீங்க. வாசல்ல இருக்கிற செக்யூரிட்டிக்கு உங்களைத் தெரியாது. உங்க கையில் இருக்கிற கேட் பாஸை நம்பி உள்ளே விடுகிறார். வீட்டுச் சாவியைக் கொடுன்னு கேட்கிறதில்லை. அதே மாதிரி, பொத்தானை அழுத்தியதும் புதிய தளம் உங்களைக் கூகுளுக்கோ டிஜிலாக்கருக்கோ அனுப்புகிறது. அங்கே நீங்கள் யார் என்று சரிபார்த்து, 'இவர் இன்னார்தான்' என்று ஒரு மின்னணுச் சீட்டு திரும்பி வருகிறது. உங்கள் பாஸ்வேர்டு புதிய தளத்துக்குப் போவதே இல்லை.

அரசுத் தளங்களுக்கும் இந்த வசதி உண்டு. ஒன்றிய அரசின் 'மேரி பெஹ்சான்' 2022 ஜூலையில் அறிமுகமானது. டிஜிலாக்கர், இ-பிரமாண், ஜன் பரிச்சய் ஆகிய மூன்றில் ஒன்றில் கணக்கு இருந்தால், இதில் இணைந்துள்ள அரசுச் சேவைகளுக்குள் நுழையலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நமக்கு மறக்காது. தண்ணீரில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம் நடத்தி, கட்டணமின்றி நகல் வழங்கியது. டிஜிலாக்கரில் உள்ள ஆவணம் தண்ணீரில் நனையாது. ஆனா அதைத் திறக்கிற சாவி உங்க கையில இருக்கணும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் கைப்பேசி எண்தான்.

ராயபுரத்தில் இருந்து சரக்குக் கப்பல் வேலைக்குப் போகும் ஒரு தம்பியை நினைச்சுக்கோங்க. ஆறேழு மாசம் கடலில். ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் கிடையாது. ஒரு ப்ரீபெய்டு எண் 90 நாள் எதற்குமே பயன்படாமல் இருந்தால் துண்டிக்கப்படலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இந்த விவரத்தை டிராய் தெரிவித்தது. தம்பி ஊர் திரும்பும்போது அவருடைய ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். டிஜிலாக்கரின் ஆறு இலக்கப் பின், அந்த ஆள் உள்ளே வராமல் தடுக்கும். ஆனால் தம்பியும் வெளியேதான் நிற்பார். ஒரே சாவியின் வசதியும் ஆபத்தும் இதுதான்.

பெரிய நிறுவனங்களிலும் தவறு நடக்கும். 2018 செப்டம்பரில் பேஸ்புக்கில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. சுமார் 5 கோடிக் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக முதலில் சொன்ன நிறுவனம், பிறகு 3 கோடி என்றது. திருடு போனது பாஸ்வேர்டு அல்ல, நான் சொன்ன அந்தச் சீட்டு. மற்ற தளங்களில் அது பயன்படுத்தப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று நிறுவனம் கூறியது. ஆனாலும் பல கதவுக்கு ஒரே சாவி என்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்று அன்று உலகமே உணர்ந்தது.

அதுக்காக பயப்பட வேண்டாம். இந்த ஐந்து பழக்கம் போதும்.

ஒன்று, வெளியூர், கடல் வேலைக்குப் போனாலும் ஊர் எண்ணை உயிரோடு வையுங்கள். எண் மாறினால் முதலில் ஆதாரிலும் வங்கியிலும் மாற்றுங்கள்.

இரண்டு, சீட்டு அனுப்பும் முன் 'அனுமதி' திரை வரும். பெயர், மின்னஞ்சல் கேட்டால் சரி. ஒரு சின்ன விளையாட்டுச் செயலிக்கு உங்க தொடர்பு எண்கள் எல்லாம் எதுக்கு? வேண்டாம்னு சொல்லுங்க.

மூன்று, பாஸ்வேர்டு போடும் முன் மேலே முகவரியைப் பாருங்க. டிஜிலாக்கர் என்றால் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வழியாகப் போகவே போகாதீங்க.

நான்கு, பிரவுசிங் சென்டரில் கூகுள் மூலம் நுழைந்தால், அந்தத் தளத்தில் மட்டும் லாக்அவுட் செய்வது போதாது. கூகுள் கணக்கு திறந்தே இருக்கும். அதிலிருந்தும் வெளியேறுங்கள்.

ஐந்து, மாதம் ஒரு முறை கூகுள் கணக்கில், அதனுடன் இணைந்துள்ள மற்ற செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். பயன்படுத்தாத இணைப்பை நீக்குங்கள்.

போன் தொலைந்தால் சிம்மை உடனே முடக்குங்கள். போனை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் முடக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வீட்டுச் சாவியை எங்க வெச்சோம்னு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். இந்தச் சாவிக்கும் அந்த அக்கறை வேண்டும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க: உங்க ஆதாரில் இருக்கிற எண், இப்போ உங்க கையில் இருக்கிற எண்தானான்னு பாருங்க.