கடனாக வந்த மேளம்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாமி என்றதும் கருவறைக்குள் உட்கார்ந்திருக்கிற சாமியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்று நான்கு தேசங்களுக்குள் கூறுபோடப்பட்ட ஒரு ஜனத்தின் பெயர் அது. பூகோளப் பாடத்தில் 'லாப்புகள்' என்று படித்திருப்பீர்கள். அது மற்றவர்கள் வைத்த பெயர், அதில் இளக்காரம் இருக்கிறது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது சாமி என்றுதான்.

ஐரோப்பிய நகரத்து மியூசியங்களில் இப்போது சாமி கலையைக் கொண்டாடுகிறார்கள். யோய்க் பாட்டு, வெள்ளி நகை, மான்கொம்பில் செதுக்கிய கத்திப்பிடி. நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் இதெல்லாம் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்காமல் கைதட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மேளத்தின் கதையைச் சொல்கிறேன். அந்தர்ஸ் பவுல்சன் என்றொரு சாமி கிழவர். 1691இல் அவர் மேளத்தைப் பிடுங்கினார்கள். மரத்தில் மான்தோல் போர்த்தி, மரப்பட்டைச் சாற்றால் மனுசர், தெய்வம், மான் என்று உருவங்கள் எழுதிய மேளம். தட்டினால் தோல்மேல் வைத்த சின்ன உலோகத்துண்டு நகரும். எந்த உருவத்தில் போய் நிற்கிறதோ அதை வைத்துக் குறி சொல்வார்கள். பாதிரிமார்களுக்கோ அது சாத்தானின் கருவி. 1692 பிப்ரவரியில், வாட்ஸோ என்ற ஊரில் சூனிய வழக்கு நடந்தது. கோர்ட்டில் நின்று அந்தக் கிழவர் ஒவ்வொரு உருவத்துக்கும் அர்த்தம் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு வருமுன்னே, காவலில் இருந்தவரை ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றான். அடுத்த வருஷம் ஸ்வீடனில் லார்ஸ் நில்சன் என்பவரை மேளத்தோடு சேர்த்தே எரித்தார்கள்.

பவுல்சனின் மேளம் எரியவில்லை. கோபன்ஹேகனுக்குப் போய் ராஜாவின் சேகரிப்பில் சேர்ந்தது. பிறகு டென்மார்க் தேசிய மியூசியத்துக்குப் போனது. 1979இல் நார்வேயின் கராஸ்யோக்கில் இருக்கிற சாமி மியூசியத்துக்கு அனுப்பினார்கள். எப்படி? கடனாக! பிடுங்கியவன் சொந்தக்காரன், பறிகொடுத்தவன் கடன்காரன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்தக் கணக்கு ஓடியது. 2022இல்தான் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள்.

அதனால்தான் 2021இல் ஹெல்சிங்கியில் நடந்ததைக் கொண்டாட்டம் என்று ஒத்துக்கொள்கிறேன். பின்லாந்து தேசிய மியூசியம் தன்னிடமிருந்த 2,200க்கும் மேற்பட்ட சாமி பொருள்களை இனாரியில் சாமிகள் நடத்துகிற சீடா மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டது. அதையொட்டி ஹெல்சிங்கியில் ஒரு கண்காட்சி. 'திரும்பி வருதல்' என்று மூன்று சாமி மொழிகளில் அதற்குப் பெயர். மியூசியக்காரன் தன் பீரோவைக் காலிசெய்துவிட்டு விழா எடுப்பதை எங்கே பார்த்திருக்கிறோம்?

பாட்டைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்ட முடியாதில்லையா, அதனால் அதைப் பாவம் என்றார்கள். யோய்க் ஒருவரைப் பற்றிய பாட்டு அல்ல. அந்த ஆளையே, அந்த மலையையே பாடுவது. வார்த்தையே இல்லாமலும் பாடலாம். மாரி பொய்னே, யோய்க் பாவம் என்று நம்பிய கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர். 1989இல் வந்த 'குலா குலா' இசைத்தட்டில் உலகமே கேட்கப் பாடினார். 1994 லில்லெஹாமர் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒப்புக்கு ஒரு சிறுபான்மை ஆளை மேடையில் நிறுத்துகிற வேலை இது என்று கருதி மறுத்துவிட்டார். நில்ஸ் அஸ்லாக் வால்கியாபா போய் யோய்க் பாடினார். அவரும் சாமிகளின் பெரிய கவிஞர்தான், சாமானியர் இல்லை. யார் செய்தது சரி என்று விடிய விடிய விவாதிக்கலாம். என் ஓட்டு மாரிக்கு.

இன்னொன்றையும் சொல்லணும். மாரெத் ஆன்னே சாரா என்ற பெண் கலைஞரின் தம்பி, ரெயின்டீர் மான் மேய்ப்பவர். மந்தையை 75ஆகக் குறைக்கச் சொன்னது நார்வே அரசு. அவ்வளவு குறைத்தால் பிழைக்க முடியாது என்று வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றத்திலும் தோற்றார். அதே மாதம் அக்கா, குண்டு துளைத்த 400 மான் மண்டையோடுகளைத் திரைபோலக் கோத்து, ஓஸ்லோவில் பார்லிமெண்ட் முன்னால் தொங்கவிட்டார். 2022இல் ஓஸ்லோவில் புதிதாகத் திறந்த தேசிய மியூசியம் அந்தத் திரையை வாங்கி, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி மாட்டியது. அந்த மியூசியத்தை நடத்தப் பணம் கொடுப்பது, மந்தையைக் குறைக்கச் சொன்ன அதே அரசுதான்.