வளையையும் எழுதுங்கள்



தரைவாழ் சிலந்திகளில் புதிய இனங்களை விவரிப்பது குறித்து இரண்டு நாள் பேசப்போகிறோம். அதற்கு முன் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன்.

2023இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியக ஆய்வாளர்கள் 'யூவோப்ளோஸ் டிக்னிடாஸ்' என்ற சிலந்தியை விவரித்து வெளியிட்டார்கள். மண்ணில் வளை தோண்டி, மண்ணையும் நூலையும் சேர்த்துச் செய்த கதவால் வாயை மூடிக்கொள்ளும் குடும்பத்தைச் சேர்ந்தது. பெண் 5 செ.மீ. வரை வளரும். பிரிகலோ வட்டாரத்துக் கரிசல் மண்ணில், மிகச் சில இடங்களில் மட்டுமே கிடைத்திருக்கிறது. அவ்வட்டாரத்துக் காடுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது.

இவ்வளவு பெரிய உயிர் இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் அதன் வாழ்க்கை முறை. பெண் தன் வளையை விட்டு வெளியேறுவதில்லை. ஆண் முதிர்ந்ததும் துணை தேடிக் கிளம்பி, சில மாதங்களில் இறந்துவிடுகிறது. ஆகவே நாம் வைக்கும் குழிப்பொறியில் விழுவது பெரும்பாலும் ஆண். பெண் வேண்டுமென்றால் தோண்டத்தான் வேண்டும். ஆணைப் பால்ப் உறுப்பை வைத்தும் பெண்ணை விந்துப்பையை வைத்தும் அடையாளம் காண்கிறோம். இரண்டும் ஒரே இனம்தானா என்பதை இன்று டி.என்.ஏ. சொல்லிவிடும். அந்த வசதி வருவதற்கு முன் ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டிய கதைகள் சிலந்தியியலில் ஏராளம்.

ஆனால் டி.என்.ஏ.வும் சொல்லாதது ஒன்று உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெய்ன் 1974இல் ஒரு சிறு காப்புநிலத்தில் கதவுச் சிலந்திகளின் வளைகளுக்கு எண்ணிட்ட முளைகளை நட்டார். பிறகு எந்த வளையையும் தோண்டவில்லை. ஆண்டுதோறும் போய், கதவு நலமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். கதவின் விளிம்பிலிருந்து விசிறிபோல் சிலந்தி பரப்பிவைத்த சுள்ளிகளில் பூச்சி இடறினால், உள்ளே இருக்கும் அதற்கு அதிர்வு எட்டும். 16ஆம் எண் வளையில் இருந்த பெண் 43 வயதுவரை அங்கேயே வாழ்ந்தது. 2016இல் அந்தக் கதவு துளைக்கப்பட்டுக் கிடந்தது. ஒட்டுண்ணிக் குளவியின் வேலை என்று கருதுகிறார்கள். உலகில் நமக்குத் தெரிந்த மிக நீண்ட சிலந்தி ஆயுள் அது. மண்வெட்டி பட்டிருந்தால் அந்த அறிவு நமக்குக் கிடைத்திராது.

நாம் என்ன செய்கிறோம்? வளையைப் பெயர்த்துச் சிலந்தியை எடுக்கிறோம். சாராயத்தில் அதன் நிறம் மங்குகிறது. கண்களின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்கிறோம். வளையைப் பற்றி ஒரே வரி எழுதுகிறோம், சில சமயம் அதுவும் இல்லை. கதவின் தடிமன், கீல் எந்தப் பக்கம், வளையின் ஆழம், கிளைவழி உண்டா, சரிவு எந்தத் திசை, என்ன மண் — இவற்றைத் தோண்டுவதற்கு முன்பே குறிக்க வேண்டும். தோண்டியபின் கேட்டால் யாரும் சொல்ல முடியாது. இவை இல்லாத விவரிப்பு பாதி விவரிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை பெண்களை எடுப்பது என்பதிலும் கை கட்டுப்பட வேண்டும். இருபது ஆண்டு வளர்ந்த ஒரு தாயை எடுத்தால், அந்த இடம் நிரம்ப அதே அளவு காலம் ஆகலாம்.

இடத்தை எப்படி எழுதுவது என்பது அடுத்த சிக்கல். மரத்தில் வாழ்வது என்றாலும் ஆந்திரத்து நீலச் சிலந்தியை இங்கே சொல்லியாக வேண்டும். 1899இல் குத்தி என்ற ஊரில் கிடைத்த ஒரே மாதிரியைக் கொண்டு போகாக் என்ற ஆய்வாளர் அதை விவரித்தார். 2001இல்தான் நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில் மீண்டும் கண்டார்கள். இன்று அது செல்லப்பிராணிச் சந்தையில் உலகெங்கும் விற்பனையாகிறது. சொந்தக் காட்டிலோ மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. இடம் அச்சில் வந்தால் பிடித்து விற்பவர்களும் அங்கே போய்விடலாம். ஆகவே துல்லியமான ஆயத்தொலைவு அருங்காட்சியகப் பதிவேட்டில் இருக்கட்டும். அச்சில் வட்டத்தின் பெயர் போதும். இதை ஏற்காதவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். மறுசோதனைக்கு இடம் தெரிய வேண்டும் என்ற உங்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. முதல் அமர்விலேயே அதை விவாதிப்போம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.