கண்ணால் அளக்கிற வேகம்

அஞ்செட்டியில் கிளம்புகிற வண்டி, தேன்கனிக்கோட்டை வரைக்கும் அடக்கமாகத்தான் போகும். வளைந்து வளைந்து போகிற காட்டுப்பாதை. எந்தத் திருப்பத்தில் யானை நிற்குமோ என்ற பயம் வேறு! ஓசூர் போய், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஏறியதும்தான் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும்.

அங்கே ஒரு போலீஸ்காரர் கை காட்டுகிறார்.

"நூத்துப் பத்துல வந்தீங்க."

"இல்லீங்க சார், எழுபதுதான்!"

யார் சொல்வதை நம்புவது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. 'வேகமாக வந்த மாதிரி தெரிந்தது' என்று ஒரே ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்புக்கு ஒரு கருவியின் அளவு துணை நிற்க வேண்டும். அதற்குத்தான் கையில் ஸ்பீடு கன், கம்பத்தில் கேமரா.

கருவி காட்டிவிட்டால்? 2019 திருத்தப்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுபடியும் மாட்டினால் லைசென்ஸுக்கே ஆபத்து. கேமராவில் சிக்கினால், 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்பது 2021-இல் வந்த விதி.

போலீஸ்காரரிடமாவது, "பொண்ணு பார்க்கப் போறோம் சார்" என்று கெஞ்சலாம். மனமிரங்கி, புத்தி சொல்லி அனுப்பினாலும் அனுப்புவார். கேமராவிடம் அது நடக்காது.

இன்னொரு சங்கதி. சட்டத்தை அமல்படுத்துகிறவரே அதை மீறினால், அபராதம் இரண்டு மடங்கு! அதற்காக, அவசர வேலை இல்லாத போலீஸ் ஜீப் ஒன்று பறந்தால், கணக்குக் கேட்கத் துரத்திவிடாதீர்கள். அவருக்கு இரண்டு மடங்கு என்றால், பின்னாலேயே போகிற உங்களுக்கும் ஒரு மடங்கு உண்டு!